நாலாவது சுற்று

என் அன்புச் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மருமகளும் குட்டியும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாகிறது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியாகிவிட்டது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், எந்த மூலையில் ஒட்டடை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே திரிகிறார், அடிப்பது மட்டும் நான். அக்கா வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள், அவளுக்கு ஆபீசில் வேறு பிரிவுக்கு மாற்றல், புது மேலதிகாரி சரியான சிடுமூஞ்சியாம், அப்படியானால் உனக்குப் பொருத்தம்தான் என்று அப்பா சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். தையல் கடையைக் காலையில் மட்டும் திறக்கிறேன். முழங்கால் வலி பரவாயில்லை, உன்னிடம் மறைப்பதாக நினைக்காதே, உண்மையிலேயே பரவாயில்லை.

நீ அனுப்பிய தகரக் கோழி பத்திரமாக வந்து சேர்ந்தது. பழைய சட்டையில் சுற்றி, அதற்கு மேல் பஞ்சு வைத்து, பச்சைக் குழந்தையை அனுப்புவது போல அனுப்பியிருக்கிறாய், அலகுகூட வளையவில்லை. வழக்கம் போல அட்டையும் எழுதி வைத்திருந்தாய். இதைச் செய்தவர்கள் அண்ணன் தம்பி, ஒருவர் பூட்டு செய்தவர், இன்னொருவர் கடைகளுக்குப் போர்டு எழுதியவர், அதனால்தான் யாரும் பார்க்காத இறக்கையின் அடிப்பக்கத்தில்கூட இறகு வரைந்திருக்கிறது என்று படித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன், ஒவ்வொரு இறகும் இருக்கிறது. பதினேழு வருடத்தில் இருபத்தாறு பொம்மைகள், இருபத்தாறு அட்டைகள். வேலைக்கு நடுவே எந்தெந்த நூலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் தேடுகிறாயோ. கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்களை நிறுத்திவைத்து அட்டைகளை வாசித்துக் காட்டுகிறேன், அவர்கள் பாவம், அளவு கொடுத்துவிட்டு நகர முடியாமல் நிற்கிறார்கள். இப்படி ஒரு பிள்ளை எனக்கு வாய்த்ததற்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. இதை உன் முகத்துக்கு நேரே சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு அட்டையிலும் கடைசி வரி ஒன்றுதான், சாவியை நான் தொடவே இல்லை அம்மா என்று. இத்தனை வருடமும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் படித்துச் சிரித்தேன். கோழி வந்த மறுநாள் வீடியோவில் பேசினோமே, குட்டி ஒரு பிளாஸ்டிக் எலியைக் கொண்டுவந்து எனக்குக் காட்டிச் சாவி கொடுத்தாள், நீ சட்டென்று கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, "மூணு சுத்து போதும்டா, அதுக்கு மேல கொடுத்தா உடைஞ்சிடும்" என்றாய். வார்த்தை மாறாமல் அது நான் சொன்னது. போனை வைத்த பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

முரசடிக்கும் தகரக் கரடியை நீ மறந்திருக்க மாட்டாய். என் முதல் சம்பளத்தில் வாங்கியது, என் சேகரிப்பில் முதல் பொம்மை. உனக்கு ஒன்பது வயது, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்ததற்காக அலமாரியைத் திறந்து கொடுத்தேன், மூன்று சுற்றுதான் என்று சொல்லியிருந்தேன், நீ ஆசையில் நாலாவது கொடுத்தாய், கரடி தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டது. நான் உன் காதைத் திருகினேன். அதோடு விட்டேனா, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இவன்தான் அதிகமாகச் சாவி கொடுத்து உடைத்தான் என்று சொன்னேன், மருமகள் வீட்டார் முதன்முதலாக வந்தபோதுகூட சொன்னேன், நீ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய்.

அந்த வீடியோ பேச்சுக்குப் பிறகு மனசு கேட்காமல் கரடியை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடிகாரக்காரரிடம் போனேன். என் மகன் சின்ன வயதில் அதிகமாக முறுக்கிவிட்டான் என்று ஆரம்பித்தேன். அவர் லென்சைக் கண்ணிலிருந்து எடுத்தார். "அம்மா, முழுசா முறுக்கினதால கெட்டுப்போன ஸ்பிரிங்கை நான் இன்னும் பார்க்கலை. எண்ணெய் காஞ்சு இறுகினாத்தான் இப்படி நிக்கும்" என்றார். திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். உனக்குத் தெரியும், பொம்மையின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கத் தகரத்தை மடித்துச் செருகிய அந்தச் சின்னக் காதுகளை இரண்டு தடவை நிமிர்த்தினால் ஒடிந்துவிடும், அதனால்தான் நான் எதையும் திறக்க விட்டதில்லை. தகரக் காது ஒடிந்துவிடுமே என்று இத்தனை வருடம் பயந்தவள், உன் காதைத் திருகுவதற்கு ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. திறங்கள் என்றேன்.

உள்ளே பல்சக்கரங்களில் பழுப்பு நிறத்தில் கோந்து மாதிரி அப்பியிருந்தது. அவர் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார், மெஷின் எண்ணெய் இல்லை என்றார். கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் பரீட்சைக்குச் சில மாதம் முன்னால் ஒருநாள் கரடிக்கு எண்ணெய் விட உட்கார்ந்தேன், மெஷின் எண்ணெய் பாட்டில் காலி, கடைக்குப் போகச் சோம்பல், அடுப்படியிலிருந்து சமையல் எண்ணெயில் இரண்டு சொட்டு எடுத்துச் சாவித் துளை வழியாக விட்டேன். என் தையல் மெஷினுக்கு அதைக் கனவிலும் விடமாட்டேன், கரடிதானே என்று விட்டிருக்கிறேன். அன்று நீ ஒரு சுற்று கொடுத்திருந்தாலும் அது நின்றிருக்கும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், "அவன்கிட்ட சொல்லு, என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்" என்று சொல்லிவிட்டு இந்தக் காகிதத்தை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

சின்னவனே, நீ உடைக்கவில்லை. நான்தான் கெடுத்தேன், பழியை உன்மேல் போட்டேன், என்னை மன்னித்துவிடு. தகரப் பொம்மை என்றாலே உனக்கு வெறுத்துப் போயிருக்க வேண்டும், அப்படிப் போகாமல் என் ஆசைக்காக ஊர் ஊராகத் தேடி அனுப்பினாயே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, முத்திரையே இல்லை, யார் செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று நீ கைவிட்ட ஒரே பொம்மை இந்தக் கரடிதானே. அதன் முதுகின் உட்பக்கத்தில் பாதி மீன் படமும் சில எழுத்துகளும் இருக்கின்றன. உலகப் போருக்குப் பிறகு தகரம் கிடைக்காமல், வீசிய உணவு டப்பாக்களைக் கழுவித் தட்டி, மறுபக்கத்தில் வண்ணம் அச்சடித்துப் பொம்மை செய்தார்கள் என்று முன்பு அனுப்பிய தகரத் தவளையின் அட்டையில் நீதான் எழுதியிருந்தாய். நம் கரடி ஒரு மீன் டப்பா. அந்த மீனுக்குப் பக்கத்தில் செய்தவரின் முத்திரையும் இருக்கிறது, இந்தக் கடிதத்தின் பின்பக்கம் அப்படியே வரைந்திருக்கிறேன், நீ தேடிப் பார்.

கடிகாரக்காரர் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார், காதுகள் ஒன்றுகூட ஒடியவில்லை. கரடியைத் தனிப் பார்சலில் உனக்கே அனுப்புகிறேன், இனி அது உன் வீட்டில் இருக்கட்டும். காலையில் சாப்பிடாமல் ஓடாதே, மருமகளை வாரம் ஒருநாளாவது வேலை செய்ய விடாதே, குட்டிக்கு என் முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும். கரடிக்கு அட்டை எழுதும்போது கடைசி வரியை மாற்றி எழுது. நான் எண்ணிப் பார்த்தேன், அதன் ஸ்பிரிங் பதினொரு சுற்று தாங்குகிறது, நீ கொடுத்தது நாலுதான்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா