தண்ணீர் பட்டால் கத்தும் பெட்டி

திங்கள்
வாடைக்காற்று. ஏரித் தண்ணீரில் தடவித் தடவிக் கை மரத்துப்போச்சு. இறால் கொஞ்சம்தான்.

கீர்த்தனா பள்ளியிலிருந்து தாள் கொண்டுவந்தாள். அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு சேர்ந்து ஒரு எலக்ட்ரானிக்ஸ் பொருள் செய்துவர வேண்டும். வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும். நன்றாகச் செய்யும் ஒரு பிள்ளைக்கு வெளியூர் ஹாஸ்டல் பள்ளியில் ஒன்பதாவது படிக்க இடம்.

இவர், அவள் அப்பா, படிப்பை எட்டோடு நிறுத்துவதாக இருக்கிறார். கேட்டேன். "கெடைச்சா போவட்டும். இல்லன்னா உன்கூட ஏரிக்கு வரட்டும். அப்பால பேச்சே கூடாது"ன்னார். சரி என்றேன். வேறு வழி?

செவ்வாய்
வாங்க: 9 வோல்ட் பேட்டரி, பஸ்ஸர், ஒயர் 2 மீ., டேப், துணி சோப்பு. (சோப்பு மறந்தாச்சு.)

டீச்சர் வரைந்து கொடுத்த படம்: பேட்டரி, பஸ்ஸர், சும்மா தொங்கும் இரண்டு ஒயர் முனை. இரண்டும் தண்ணீரில் பட்டால் கத்தும். வீட்டுத் தொட்டி நிரம்பினால் தெரியுமாம். நம் வீட்டில் தொட்டி எங்கே?

புதன்
நகவெட்டியால் ஒயர் உரித்தோம். முதலில் சத்தமே இல்லை. கறுப்பும் சிவப்பும் மாறிப்போயிருந்தது. குடத்தில் தண்ணீர் மொள்ளப் போனவளை அதட்டினேன். படகில் ஏற்றி வருகிற குடிதண்ணீர், அதை விளையாட்டுக்கு எடுப்பதா? ஏரியில் ஒரு டம்ளர் மொண்டு வந்தாள்.

முக்கினதும் என்ன கத்து! பக்கத்து வீட்டு அஞ்சலை ஓடிவந்து, "இன்னாடி, உங்க வூட்டாண்ட ஆம்புலன்சா?" என்றாள். கீர்த்தனா சிரித்து எத்தனை நாளாச்சு. பத்து தடவை முக்கினோம். பத்து தடவையும் கத்தியது.

வியாழன்
தூறல். வேலைக்குப் போகவில்லை. நான் சொல்ல வேண்டிய வரி: "தண்ணீர் பட்டதும் மின்சாரம் போக வழி கிடைக்கிறது." இந்த ஒரு வரிக்கே நாக்கு புரளுது. நாளைக்கு இது மட்டும் நடந்துவிடட்டும் தெய்வமே. இனி எதுவும் கேட்க மாட்டேன்.

வெள்ளி
போச்சு. எல்லாம் போச்சு.

பள்ளியில் கேன் தண்ணீர் வைத்திருந்தார்கள். முக்கினோம். கத்தவில்லை. பேட்டரியைத் தட்டினேன், ஒயரை முறுக்கினேன். பார்க்க வந்த சார், "பரவால்லமா, வூட்ல இன்னொரு தபா பாருங்க"ன்னு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

படகில் கீர்த்தனா பஸ்ஸரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரையில் இறங்கினதும் ஒயரை ஏரியில் விட்டாள். கத்தியது.

"உப்பும்மா. நம்ம ஏரித் தண்ணி உப்பு. கேன் தண்ணில உப்பு இல்ல, அதான் கரண்ட் போவல. புக்குல இருக்குது. நாந்தான் யோசிக்கல."

அவளா யோசிக்கவில்லை? குடத்தில் கை வைத்தவளை அதட்டினது நான். குடிதண்ணீரில் முக்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான்தான் கெடுத்தேன்.

சனி
உப்புப் பொட்டலத்தோடு திருப்பாலைவனம், டீச்சர் வீடு. அவர் வீட்டு டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டு, ஒயரை முக்கிக் காட்டினேன். கத்தியது. அந்த வரியும் தடங்கல் இல்லாமல் வந்தது.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்தே வேற புள்ள பேரு அனுப்பிட்டாங்கம்மா. நான் இன்னா பண்ணுவேன்?" காலில் விழப்போனேன். பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் மறுபடி கேட்டேன். "பேச்சே கூடாதுன்னேன்ல?"

ஞாயிறு
விடிந்து பார்த்தால் கீர்த்தனா பாயில் இல்லை. ஓடினேன். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அடியில் இறால் தடவிக்கொண்டிருக்கிறாள். இறால் போடுகிற ஓலைப்பறி, என்னுடையது, நான் கடித்துக்கொள்வதுபோலவே அவள் பல்லில்.

"வேணாம், மேல வாடி!" என்று கத்தினேன்.

பறியைக் கடித்துக்கொண்டு பேச முடியாது. மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.