நான் வெட்டின வரிகள்

நாள் 118, காலை 07:10
பேட்டரி 81. ஆன்டெனா சரி. இத யார் எடுத்துப் படிக்கிறீங்களோ, உங்களுக்காக: நான் ரொசாரியோ, வயசு முப்பது, ரேடியோ டெக்னீஷியன். செவ்வாய்ல வடக்குக் குடியிருப்புக்கும் தெற்குக்கும் சண்டை. காத்து வடக்குகிட்ட, தண்ணி தெற்குகிட்ட. ரெண்டுக்கும் நேர் லைன் கெடையாது, நடுவுல இந்த ஸ்டேஷன்ல நான் ஒருத்தன். ஒருத்தர் பேசுறதக் கேட்டு, எழுதி, மத்தவங்களுக்கு அனுப்புறேன்.

சண்டையோட முதல் நாள் குண்டுல என் பொண்டாட்டி ஸ்டெல்லா செத்தா. யார் வெச்சதுன்னு தெரியாது. எதிர்ப்பக்கம்தான்னு ரெண்டு பக்கமும் சொல்றாங்க. எதிராளிய நான் வெறுப்பேன்னு நெனச்சுதான் ரெண்டு பேரும் என்னை ஒத்துக்கிட்டாங்க. யாரையும் வெறுக்கல. ஒண்ணுமே தோணல.

நாள் 126, காலை 11:30
வடக்குத் தலைவர் கருப்பசாமி: "அந்த வாயாடிகிட்ட சொல்லு தம்பி, தண்ணி விடலன்னா காத்த நிறுத்திடுவேன்!"
அனுப்பினது: "தண்ணீர் தேவை."
தெற்குத் தலைவி பர்வீன்: "காத்து மொதலாளிக்குத் தாகம் வேற எடுக்குதாமா?"
அனுப்பினது: "எவ்வளவு தேவை?"
தண்ணி போச்சு. ஏசுறத வெட்டுறேன். மிரட்டலையும். காத்த நிறுத்துறேன்னு அவர் சொல்றது இது ஆறாவது தடவ. நிறுத்தினதே இல்ல.

நாள் 133, காலை 09:05
எல்லையில இருக்கற பம்ப் ஹவுஸ்ல தெற்கு ஆளுங்க பதினோரு பேர் புகுந்துட்டாங்க.
பர்வீன் அக்கா: "இப்பல்லாம் பவ்யமா பேசுறான்பா அவன். பயந்துட்டான். இதான் நேரம்."
அந்தப் பவ்யம் என்னோடது.

09:40
கருப்பசாமி: "பன்னெண்டு மணிக்குள்ள அவனுங்க வெளிய வரணும். இல்லன்னா பம்ப் ஹவுஸுக்குக் காத்து கட்."
ஏழாவது தடவ. அனுப்பினது: "ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளவும்."

12:02
காத்து நின்னுடுச்சு. அழுத்தம் கொறஞ்சா அந்தக் கதவு தானா பூட்டிக்கும். உள்ள இருக்கறவங்க ஸ்பேஸ் சூட்ல மூணு மணி நேரக் காத்துதான். தெற்குலேந்து வண்டி போக அஞ்சு மணி நேரம்.
பர்வீன் அக்கா: "கெடு வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவங்கள திரும்பக் கூப்ட்டிருப்பேனே! ஏன்பா சொல்லல அவன்?"

12:20
கருப்பசாமிகிட்ட ஒத்துக்கிட்டேன். "அண்ணே, நீங்க வெச்ச கெடு அவங்களுக்குப் போகவே இல்ல. நான்தான் வெட்டினேன். காத்தத் தொறங்க." அனுப்பின வரியையும் படிச்சுக் காட்டினேன்.
"இத இப்ப உக்காந்து எழுதியிருப்ப. உன் பொண்டாட்டியக் கொன்னவளுக்கா பரிஞ்சு பேசுற? த்தூ."
"சத்தியமாண்ணே."
லைன் கட்.

13:50
ஒம்பது தடவ கூப்ட்டேன். எடுக்கல. மறுபடியும் கூப்புடுறேன். ஸ்டெல்லாவப் பொதைக்கும்போதுகூட இப்படித் தவிக்கல.

15:06
பர்வீன் அக்கா: "பதினோரு பேரையும் பேர் சொல்லிக் கூப்ட்டுட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல. அவன்கிட்ட..." அப்புறம் அழுக. நாப்பது செகண்டு.
எழுதல. அவங்க கொரலையே அனுப்பினேன். அழுகையோட.

15:19
வடக்குலேந்து பதில்.
"இதுல எத வெட்டின, தம்பி?"