நாற்காலியை மாற்றிப் போட்ட வாரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் இருக்கிறோம். வழக்கமாக ஆண்டவர் கிருபையால் எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் பதில் போடு என்றுதான் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை சுகம் என்கிற அந்தச் சொல்லிடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. பதினெட்டு வருஷமாக ஆபீசில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை எழுதின சொல் கண்ணு அது. உனக்கு எப்படியிருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காதுக்குப் பின்னால் ஆபரேஷன் பண்ணின இடத்தில் தையல் ஆறிவிட்டதா, தலைசுற்றல் குறைந்ததா, முகத்தில் அந்த இடது பக்க இழுப்பு கொஞ்சமாவது சரியாகி வருகிறதா, உள்ளதை உள்ளபடி எழுது, எனக்காகக் குறைத்து எழுதாதே. போனில் பேசலாமே என்பாய். பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் நீ உன் வலியை விட்டுவிட்டு என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். ஒன்பது வயதிலேயே அந்த வேலையை உன் தலையில் கட்டிவிட்டேன், இனியும் வேண்டாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். நீ மூன்று பக்கம் எழுதி, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அம்மா, எனக்குக் கேட்கவில்லை என்று உனக்கு அப்போதே தெரியுமா, தெரியாதா என்று. பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் போதவில்லை, கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. சமையலறைச் சுவரில் இன்னும் ஈரம் கசிகிறது, கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது, அவருடைய நாளை எந்தக் காலண்டரில் இருக்கிறதோ தெரியவில்லை. தம்பிக்கு இந்த மாதம் பகல் ஷிப்ட், அதனால் இப்போதுதான் மனுஷனைப் போல எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். உன் கடிதத்தை அப்பா இரண்டு தடவை படித்தார். பட்டறைக்குப் போய், ரிப்பேருக்கே வராத ஒரு நல்ல தையல் மெஷினைத் திருகு திருகாகக் கழற்றி, துணி விரித்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு இருந்தார். உனக்குத்தான் தெரியுமே, இந்த மனுஷன் அழ வேண்டிய இடத்தில் எதையாவது கழற்றுவார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன், அது ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது.

அந்தச் சாயங்காலம் எனக்கு நேற்று நடந்ததைப் போல இருக்கிறது. உன் இடது காதில் சீழ் வடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காது டாக்டர் ஜவ்வில் ஓட்டை இருக்கிறது, உள்ளே எலும்பை அரிக்கிற சதை வளர்கிறது, விட்டால் ஆபத்து என்று சொல்லி, வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் மைதானத்தில் ஜெபித்துச் சுகம் கொடுக்கிற அந்த எழுப்புதல் கூட்டம். கத்தி படாமல் பிள்ளை பிழைத்தால் போதும் என்றுதான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன், வேறு பேராசை ஒன்றும் இல்லை. பாட்டும் கைதட்டலும் ஏற ஏற எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, என்னை அறியாமல் அழுதேன், அந்த அழுகை நடிப்பு இல்லை கண்ணு, அதை மட்டும் நம்பு. உன்னை மேடையில் ஏற்றினார்கள், அம்மாக்கள் கீழே நிற்க வேண்டும் என்று சொல்லி என்னைப் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டார்கள், நான் அங்கேயே முழங்கால் போட்டேன். ஊழியக்காரர் உன் வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இடது காதில் எதையோ சொன்னார், நீ திருப்பிச் சொன்னாய். மைக்கை நீட்டி இப்ப கேக்குதா பாப்பா என்று கேட்டார், கேக்குது என்றாய், மைதானமே எழுந்து நின்றது. நீ இப்போது எழுதியிருக்கிறாய், பொத்தின காதிலேயே விரலிடுக்கு வழியாகக் கேட்டது என்று, உனக்கு முன்னால் நின்ற பிள்ளையிடமும் அதையே சொல்லச் சொன்னதால் எப்படியும் தெரிந்திருக்கும் என்று. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அடுத்து ஒரு வரி எழுதியிருந்தாய், கீழே உன் முகத்தைப் பார்த்தேன்மா, கேக்கலைன்னு சொல்ல மனசு வரலை என்று. அதை மட்டும் தாங்க முடியவில்லை. என் கண்ணீர் உண்மைதான், அந்த உண்மையைக் காட்டித்தான் ஒரு குழந்தையைப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நாம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நம் தெருக்கோடி ஜெபவீட்டில் அப்போது சின்னப் போதகர் இருந்தாரே, உனக்கு மிட்டாய் கொடுப்பாரே, அவர் மட்டும் வீடு தேடி வந்து, ஆண்டவர் சுகம் கொடுத்திருந்தா டாக்டர் பாத்தாலும் அது அப்படியேதாம்மா இருக்கும், ஒரு தடவ காட்டிட்டு வந்துடுங்க என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, நீங்களே அவிசுவாசமாப் பேசலாமா என்று கேட்டு, டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த ஜெபவீட்டு வாசலையே மிதிக்கவில்லை. நீலக் கவுன் போட்ட உன் படம் அந்தக் கூட்டம் நடத்தின ஊழியத்தின் பத்திரிகை அட்டையில் வந்தது, சாட்சிப் பிள்ளையின் அம்மா என்று எனக்கு அந்த ஊழிய ஆபீசிலேயே சாட்சிப் பிரிவில் வேலையும் கிடைத்தது. ஜன்னலோரம் மேசை, மூன்று தட்டு, வியாதி ஒன்று, வேலை ஒன்று, குழந்தை பாக்கியம் ஒன்று. ஜெபத்தால் நன்மை கிடைத்தது என்று வருகிற சாட்சிக் கடிதங்களைப் பிரித்து, சுருக்கி, அச்சுக்கு அனுப்ப வேண்டும். சேர்ந்த முதல் நாளே மேனேஜர் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்து, அக்கா, சனங்க ஆனால்னு ஆரம்பிச்சு எதையாவது எழுதுவாங்க, அங்கிருந்து அடிச்சிடுங்க என்றார். ஜெபித்த அன்று நடந்தேன், ஆனால் மறுபடி வலி வந்துவிட்டது என்று எழுதியிருப்பார்கள். நான் அந்த ஆனாலிலிருந்து கடைசி வரைக்கும் அடித்துவிடுவேன். விசுவாசத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கைவேகம் வேறு, ஒரு காலையில் எண்பது கடிதம் முடிப்பேன், பாராட்டு வாங்கியிருக்கிறேன். இதை எழுதும்போது கூசுகிறது.

உன் கடிதம் வந்த மறுவாரம் ஆபீஸ் அலமாரியிலிருந்து உன் படம் போட்ட அந்த இதழை எடுத்தேன். அதில் உன்னோடு சேர்த்து பதினோரு சாட்சி. எல்லோரையும் தேட முடியாது, பக்கத்தில் இருக்கிற ஒரு லேத் பட்டறைக்காரர் வீட்டுக்கு மட்டும் போனேன், முதுகெலும்பு சுகமானது என்று போட்டிருந்தோம். மனுஷன் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறதாம். அவர் மனைவி கோபப்படவேயில்லை, நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அன்னிக்கு நல்லாதான் நடந்தாரும்மா, ரெண்டு நாள், அப்புறம் படுத்தவர்தான், நாங்க ஆபீசுக்கு ஆறு கடிதம் போட்டோம், பதில் வரலை, எங்க விசுவாசம்தான் பத்தலைன்னு அவர் சாகற வரைக்கும் மன்னிப்பு கேட்டுட்டே இருந்தாரு என்றார். அந்த ஆறு கடிதமும் என் மேசைக்குத்தான் வந்திருக்கும். நான் அதை அவரிடம் சொன்னேன். அவர், தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டார். அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அங்கிருந்து நேரே சின்னப் போதகரிடம் போனேன். இப்போது அவருக்குத் தலை முழுக்க நரை, பெயர் மட்டும் இன்னும் சின்னப் போதகர்தான். ஜெபவீட்டு பெஞ்சுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நான் அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம், சொல்ல உரிமையும் இருந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பாப்பாவுக்கு எந்தப் பக்கம் படுத்தா வலிக்குது, தூங்க முடியுதா என்று கேட்டார். எனக்கு அங்கேதான் உடைந்தது. நீ அட்டையில் வந்த நாளிலிருந்து எத்தனை ஊழியக்காரர்கள் உன்னைப் பற்றி எத்தனை மேடையில் பேசினார்கள், ஒருத்தராவது அந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்கு என்று என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயமோ என்னவோ. எது மெய், எது பொய் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இத்தனை வருஷம் ஓடிவிட்டதே என்று எழுதியிருந்தாயே, எனக்கும் பெரிய ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை, ஆனால் இது ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். மேடை இறங்கின பிறகு யார் வந்து விசாரிக்கிறார்கள் என்று பார், யார் டாக்டரிடம் காட்டிவிட்டு வா என்று பயப்படாமல் சொல்கிறார்கள் என்று பார். மற்றபடி சத்தம், நடுக்கம், கண்ணீர், விழுந்து புரள்வது, இதெல்லாம் மெய்யான இடத்திலும் இருக்கலாம், பொய்யான இடத்திலும் இருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாமே பொய் என்றும் நான் எழுத மாட்டேன் கண்ணு, அப்படி எழுதினால் மறுபக்கம் சிவப்புப் பேனா பிடித்ததாக ஆகிவிடும். உன் அப்பா குடியை விட்டது யாரும் கைதட்டாத ஒரு வெள்ளிக்கிழமைதான், அந்தப் பெஞ்சில்தான், இன்று வரைக்கும் தொடவில்லை, அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

மேனேஜரிடம் போய் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டேன். அக்கா, இது சத்துருவோட வேலை, பாப்பா வெளிநாடு போய் விசுவாசத்துல தணிஞ்சிருச்சு, திருத்தம் போட்டா எத்தனை பேரு இடறிப்போவாங்க யோசிச்சீங்களா என்றார். அந்தப் பையன் கெட்டவன் இல்லை, அவனும் நம்புகிறான், அதுதான் கொடுமை. நான் அலமாரிச் சாவியையும் சிவப்புப் பேனாவையும் அவன் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது பகலெல்லாம் வீட்டில்தான், என் தொணதொணப்பு தாங்காமல் அப்பா பட்டறையிலேயே குடியேறிவிட்டார்.

இனிமேல் சுற்ற வழியில்லை, உன் கேள்விக்கு வருகிறேன். தெரியாது என்று எழுதுவதாகத்தான் முடிவு செய்திருந்தேன். எனக்குச் சத்தியமாகத் தெரியாது கண்ணு என்று ஒரு காகிதத்தில் எழுதியும் விட்டேன். அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கையிலிருந்த திருகைப் பார்த்தபடியே, அப்ப நாற்காலிய ஏன் மாத்திப் போட்ட என்று கேட்டார். முதலில் எனக்குப் புரியவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் எப்போதும் உனக்கு இடது பக்கம்தான் உட்காருவேன், அடுப்படி கிட்டே என்பதால். அந்தக் கூட்டம் முடிந்த வாரம், பிள்ளைக்குக் காது வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்த அதே வாரம், என் நாற்காலியைத் தூக்கி உன் வலது பக்கம் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பரிமாற மேசையைச் சுற்றிப் போய் வந்திருக்கிறேன், ஏன் என்று என்னை நானே கேட்டதில்லை. ரோட்டில் நடந்தாலும் உன் வலது கையைத்தான் பிடித்திருக்கிறேன். உன் தலையணை உறையில் மஞ்சள் கறை இருக்கும், தண்ணீரில் ஊறப்போட்டு, யாரும் பார்க்கும் முன்னே தேய்த்துவிடுவேன். நீ காதில் வைத்த பஞ்சை ஒளித்தாய், நான் கறையை ஒளித்தேன், ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். தெரியுமா என்று கேட்டாய். தெரியும் கண்ணு. என் வாய்க்குத்தான் தெரியாது, என் கைக்கும் காலுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எழுதின அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன், கேட்டால் நீ உடனே மன்னித்தேன் என்று சொல்லிவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். கோபம் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்.

வருகிற ஞாயிறு ஜெபவீட்டில் எழுந்து நின்று இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் உன் கதையை ஒரு தடவை உன்னைக் கேட்காமல் மேடை ஏற்றினேன், இந்தத் தடவை நீ சரியென்று எழுதினால்தான் வாயைத் திறப்பேன், வேண்டாம் என்றால் வேண்டாம். கண்ணை மூடினாலே நடிக்கிற மாதிரி இருக்கிறது, ஜெபிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய், எனக்காக மூட வேண்டாம், திறந்தே வைத்திரு. காதில் தண்ணீர் படாமல் குளி, சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு, டாக்டர் வரச்சொன்ன தேதியை ஒன்றைக்கூட விடாதே, மாப்பிள்ளையைக் கூடவே கூட்டிக்கொண்டு போ, அவர் அரட்டை அடித்தே டாக்டரைக் களைப்பாக்கிவிடுவார், இருந்தாலும் கூட்டிக்கொண்டு போ. ஆண்டவர் உன்னோடு இருப்பாராக, நீ நினைக்காத நேரத்திலும் இருப்பாராக. அப்பாவும் தம்பியும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். இந்தக் கடிதத்தோடு அந்தச் செவ்வாய்க்கிழமைச் சீட்டையும் வைத்திருக்கிறேன், அன்றைக்குக் கூட்டத்தில் கிழித்துப் போடச் சொன்னார்கள், அதையும் நான் ஏனோ கிழிக்கவில்லை. நீ ஊருக்கு வரும்போது நாற்காலி எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அதை நீயே சொல், அது வரைக்கும் அசைக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்த
அம்மா