குதிகால் கல்லில் கட்டிய செடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தொட்டி மீன்கள் ஏழும் நலம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாயிருக்க வேண்டும். செடியைப் பற்றி மட்டும் போனில் நான் சொன்னதெல்லாம் பொய்.

நீ மீன்தொட்டியில் விட்டுப்போன அந்த அனுபியாஸ் நீர்ச்செடி, நகத்தளவு இலை, மாதத்துக்கு ஒன்று விட்டால் பெரிது. "அம்மா, தண்டை மட்டும் மண்ணுல புதைச்சிடாதே" என்று மூன்று தடவை சொன்னாய், மூன்றாவது தடவை செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் நீ கட்டிய நூல் அறுந்து, வேரைக் காட்டிக்கொண்டு அம்மணமாக மிதந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? கூழாங்கல்லைக் கிளறிப் புதைத்துவிட்டேன். நாலு மாதத்தில் இஞ்சி மாதிரி இருந்த தண்டு அழுகி, இரண்டே இலை மிச்சம். உன் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா, போய் உன் சித்தியிடம் ஓதிவிட்டார். பதினோரு வருஷமாக நான் பேசாத தங்கை. நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, "அக்கா கை பட்டா கள்ளிச்செடியும் கருகிடும்" என்று பத்துப் பேர் முன்னால், என் நீலப் புடவையை இரவல் கட்டிக்கொண்டே சொன்னவள். புடவை இன்னும் வரவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து நின்றாள். அவள் சொன்னதை நானே மெய்யாக்கிக் காட்டவா என்று தொட்டியைத் துண்டால் மூடினேன், உருவிவிட்டாள். கள்ளிச்செடிப் பேச்சை எடுப்பாள் என்று பதிலெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன், பாவி எடுக்கவேயில்லை. "பிளேடு இருக்கா?" என்றாள். அழுகியதை வெட்டி எறிந்தாள், சுண்டுவிரல் நுனியளவு தேறியது. மண்ணில் புதைக்காமல் கல்லில்தான் கட்ட வேண்டுமாம், அதற்கு உன் அப்பா குதிகால் தேய்க்கும் கருங்கல்தான் அகப்பட்டது. நான் பிடிக்க அவள் நூல் சுற்றினாள், முடிச்சுக்கு என் விரலை வைத்து அழுத்தச் சொன்னாள், வைத்தேன். இப்போது மீன்கள் அந்தக் கல்லை முத்தமிடுகின்றன, நாற்பது வருஷத்தில் நான்கூட அதன் பக்கம் போனதில்லை. போன வாரம் ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. "பத்து இலை விடட்டும், அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்க" என்று உன் அப்பாவிடம் சொல்லியனுப்பினேன். "அதுக்கு ஒரு வருஷம் ஆகுமே" என்று சிரித்தாளாம். ஆனாலும் தினமும் இலை பார்க்க வருகிறாள், வந்தவளுக்குக் காபி கொடுக்காமல் முடியுமா, பேசாமல்தான் கொடுக்கிறேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். ஒன்று மறந்துவிடாதே. இந்தச் செடி சீக்கிரம் இலை விட ஏதோ சொட்டு மருந்து உண்டாமே, விசாரித்து அனுப்பு. சித்திக்குத் தெரிய வேண்டாம்.

எதையும் மறக்காத
உன் அம்மா