பதினெட்டாவது பெயர்

அன்புள்ள சௌமியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த பஹ்ரைன் வெயிலில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. உன் தங்கை வினிதாவுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று, லீவு சொல்லி வை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கார்த்திகை மழையில் ஆற்றுத் தண்ணீர் ஏறி ஒன்பது நாள் நின்று நம் ஒன்றரை ஏக்கர் நெல்லும் அழுகியது உனக்குத் தெரியும். நிவாரணத்துக்கு நாங்களும் பக்கத்து வயல் யசோதராவும் பட்டா, அடங்கல், பாஸ்புக் ஜெராக்ஸ் எல்லாம் மூன்று முறை கொடுத்தோம். யாருக்கோ வந்தது, எங்களுக்கு வரவில்லை. யசோதரா கம்மலை அடகு வைத்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று ஆபீஸில் கேட்டால் பட்டியல் மேலே இருக்கிறது என்கிறார்கள், மேலே போய்க் கேட்டால் உங்கள் ஊரிலேயே ஒட்டியாயிற்று என்கிறார்கள். எந்தச் சுவரில் ஒட்டினார்களோ, கண்ணுள்ள எவரும் பார்க்கவில்லை. அப்புறம் அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்த கமால் பாய்தான் திருவொற்றியூரிலிருந்து வந்து தகவல் உரிமைச் சட்டத்தில் என் பெயரில் மனு எழுதித் தந்தார். பதில் வந்தா ஊட்ல பிரிக்காதம்மா, சபைல நாலு பேரு முன்னால பிரி, இல்லாங்காட்டி நீயே மாத்தி எழுதிக்கினேன்னு சொல்லிடுவானுங்க என்றார். நானும் வந்த உறையை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மே தினக் கிராம சபையில் எழுந்து நின்று உறையைக் கிழித்தேன். முப்பத்திரண்டு பெயர். வரிசை எண்ணோடு உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். பதினேழு படித்தாயிற்று. பதினெட்டில் சுயம்பு, தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என்னைப் பெற்றவர் பெயர். நெற்பயிர் முழுச் சேதம் என்று போட்டிருந்தது. உன் மாமன் தன் நிலத்தில் நெல்லை விட்டு ஆறு வருஷமாக ஜல்லி கொட்டி கன்டெய்னர் அடுக்கி வாடகை வாங்குகிறான். அந்தப் பெட்டிகள்தான் பால் பிடித்து வெள்ளத்தில் சாய்ந்தன போலிருக்கிறது. அவன் முன் வரிசையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தான். வினிதா கழுத்தில் மாமன் மாலை போட வேண்டியவன் அவன்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டுப் பத்தொன்பது என்று படித்தேன்.

படிக்கத் தெரியாத யசோதரா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னாக்கா, பதினேழு சொன்னே, பத்தொம்போது சொன்னே, நடுவுல ஒண்ணு எங்க பூட்ச்சி என்று கேட்டாள். அச்சு சரியாக விழவில்லை என்று சொன்னேன். நம்பினாள். அதுதான் என்னைக் கொல்கிறது. ஆபீஸ்காரன் மறைத்ததற்கு நாலு மாதம் வாய் கிழியப் பேசியவள் நான், என் கைக்குப் பட்டியல் வந்ததும் நானும் அதையே செய்தேன்.

சாயங்காலம் சுயம்பு ஒரு டஜன் மாம்பழத்தோடு வந்தான். பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாமன் சீரு ஒண்ணும் கொற வெக்க மாட்டேன்க்கா, பவுனுலயே செஞ்சிடறேன் என்றான். எந்தப் பவுன், யாருடைய பவுன் என்று கேட்காமல் கூடையை வாங்கி வைத்தேன். பழம் கூடையிலேயே அழுகுகிறது, அப்பாவும் தொடவில்லை.

இன்று அத்திப்பட்டு போய் இதைத் தபாலில் போட்டுவிட்டு, அந்தத் தாளோடு நேராக யசோதரா வீட்டுக்குப் போகிறேன். விட்ட வரியைப் படித்துக் காட்டிவிட்டு, தாளை அவளிடமே கொடுத்துவிடப் போகிறேன். அவள் என்ன செய்தாலும் சரி. சுயம்பு இனி நம் வாசல் மிதிக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவனாயிற்றே.

நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். குழந்தைக்கு ஏசி காற்றில் தலை துவட்டாமல் விடாதே. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னாலேயே வந்துவிடு. மாமன் ஏன் வரவில்லை என்று பந்தலில் எல்லோரும் உன்னைத்தான் கேட்பார்கள். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா
மங்கம்மா