டயான் தூக்கிப் பிடித்த போஸ்டர்

அக்டோபர் 18, சனி

தலைவர் பிறந்தநாளுக்கு எங்கள் ஆன்லைன் ரசிகர் குரூப் ஆப்பிரிக்காவில் புருண்டி நாட்டில் ஒரு பள்ளிக்கு, பாடம் பார்க்க டேப்லெட் அனுப்பியது. ருவாண்டா அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிள்ளைகளுக்காக. முகாமில் ஆங்கிலத்தில்தான் படித்தார்களாம். அதனால் கணக்குப் பாடம் முழுவதையும் நான் அமெரிக்காவில் இந்த வெஸ்ட் வின்ட்சர் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ரெக்கார்ட் பண்ணினேன்.

இன்று காலை வீடியோ காலில் அந்தப் பள்ளியிலிருந்து டயான் என்ற மாணவி வந்தாள். பதினாறு வயது. பக்கத்தில் எல்லாம் சின்னக் குழந்தைகள். தம்பி தங்கைகளா என்று கேட்டேன். இல்லை, என் கிளாஸ் என்றாள். அங்கே பாடமும் பரீட்சையும் பிரெஞ்சில். அது தெரியாததால் அவளை நாலாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஏன்டி, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"ஹேஷ்டேக் என்ன வைக்கிறதுன்னுதாம்மா ஒரு வாரமா சண்டை போட்டுட்டிருந்தோம்."

டயான் என் பாடங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டாள். அடுத்தது எப்போது வரும் என்று கேட்டாள். நான் ஹைஸ்கூலில் ஸ்பானிஷ் எடுத்தவள். பிரெஞ்சில் பத்து வரைகூட எண்ணத் தெரியாது.

குரூப்பில் இன்னும் கத்துகிறார்கள். "வீடியோ எங்கடி? சீக்கிரம் போடு, ட்ரெண்ட் பண்ணணும்!"

காலையில் நான் ரெக்கார்ட் பண்ணிய அந்த வீடியோவில் டயான் சிரித்துக்கொண்டே, டேப்லெட்டோடு நாங்கள் அனுப்பிய தலைவர் போஸ்டரைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். நான்தான் பிடிக்கச் சொன்னேன்.