டிக் சத்தம் வரும் வரை

திண்டிவனம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள புனிதாவுக்கு, உன்னைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிற வீட்டிலிருந்து துரைக்கண்ணு எழுதுவது.

என் நம்பரை நீ பிளாக் செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அதனால் இதை எதிர்வீட்டு லூர்துமேரியிடம் கொடுத்து விழுப்புரத்துக்கு அனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிக்க மாட்டேன் என்று கேட்காமலேயே சத்தியம் செய்தாள். ஆகவே உறையை நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு மூட்டு வலி தேவலையா? இங்கே நான் நலம். குக்கர்தான் என்னை மதிப்பதில்லை. சோறு வைத்தால் கஞ்சி வருகிறது.

விக்கிரவாண்டி காதுகுத்து விஷயத்துக்கு வருகிறேன். நீ பார்த்ததுதான். ஆனாலும் நானே ஒப்புக்கொள்ள வேண்டாமா?

தாய்மாமன் வரிசையை நம் செட்டு மைக்கில் வர்ணித்துக்கொண்டிருந்தேன். பாதியில் ஸ்பீக்கர் ஊமையானது. ஆம்ப்ளிஃபயரை நிறுத்தி மறுபடி போட்டேன். ஸ்பீக்கரைக் காக்க நீ கட்டி மாட்டிய போர்டு நாலு விநாடியில் டிக் என்று லைன் கொடுக்க வேண்டும், அந்தச் சத்தம் வரவில்லை. குழந்தையின் தாத்தா சுப்பராயலு, "இன்னாய்யா துரைக்கண்ணு, உன் வாயை அடைக்கவும் மிஷின் வந்துடுச்சா?" என்றார். பந்தலே சிரித்தது. நீ ஓடி வந்து, "உள்ள டிரான்சிஸ்டர் போயிடுச்சுங்க, டிசி வருது. என் போர்டு ஸ்பீக்கரைக் காப்பாத்திக்கினு கீது, தொடாதீங்க" என்றாய். நான் அத்தனை பேர் எதிரில், "உன் போர்டுதான் கோளாறு, போய் அடுப்பைப் பாரு" என்றேன். அதோடு விட்டேனா? போர்டைத் தாண்டி ஒரு வயரை முறுக்கி ஸ்பீக்கருக்கு நேராகக் கொடுத்தேன். அது ஒரு தரம் உறுமியது, புகைந்தது. சென்னை ரிச்சி தெருவில் நாள் முழுக்க அலைந்து, தட்டித் தட்டிக் கேட்டு நீ வாங்கிய ஸ்பீக்கர். விழுப்புரம் பஸ் வந்தது, ஏறிவிட்டாய். நான் புகை நாற்றத்தோடு டெம்போவில் திண்டிவனம் வந்தேன்.

மறுநாள் மெக்கானிக் வேங்கடேசன் ஆம்ப்ளிஃபயரில் மீட்டரை வைத்துப் பார்த்தான். பாட்டே ஓடாமல் நாற்பது வோல்ட் காட்டியது. "பாட்டுன்னா ஸ்பீக்கர் பேப்பரு முன்னும் பின்னும் ஆடும்ணே. ஒரே பக்கமா ஓடுற டிசி கரண்ட்டு போனா அப்படியே தள்ளிப் புடிச்சிக்கும், உள்ள காயில் வெந்துடும். அதுக்குத்தான் அக்கா போர்டு லைனை வெட்டிச்சு. அது மேல வயரைப் போட்ட அறிவாளி யாரு?" என்று கேட்டான். டெம்போ டிரைவர் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

இதையே நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். அப்போதெல்லாம் நான் மைக்கில் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரான்சிஸ்டர் மாற்றியாயிற்று, புதுக் காயிலும் கட்டியாயிற்று. முறுக்கிய வயரை மட்டும் வேங்கடேசனைத் தொட விடவில்லை, நானே பிரித்தேன். இரண்டு விரல் கிழிந்தது. அவ்வளவு வீம்பாக முறுக்கியிருக்கிறேன்.

நேற்று ஓமந்தூரில் ஒரு நிச்சயதார்த்தம். முன்வரிசையில் அதே சுப்பராயலு. சுவிட்சைப் போட்டேன். அந்த நாலு விநாடியில் என் முதல் வாக்கியத்தைப் போர்டு விழுங்கிவிடுகிறது என்று உன்னைத் திட்டுவேனே, நேற்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். டிக் என்றது. "அன்னிக்கு விக்கிரவாண்டில போர்டு சரியாத்தான் இருந்துச்சு, கோளாறு நான்தான். இந்த செட்டைக் கட்டினது என் வீட்டுக்காரி புனிதா" என்று மைக்கில் சொன்னேன். சுப்பராயலு, "இதை அவகிட்ட போயி சொல்லுய்யா, எங்களுக்குத் தட்டு மாத்த நேரமாவுது" என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை. அதனால்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். வீட்டுக்கு வந்து நச்சரிக்க மாட்டேன். நீ வந்தால் நீதான் முதலில் பேச வேண்டும். அதுவரை வாயைத் திறக்க மாட்டேன். நாலு விநாடி என்ன, திண்டிவனம் பஸ் நாலு போனாலும் நின்றுகொண்டிருப்பேன்.

உன் அம்மாவுக்கு என் வணக்கம். உனக்கு, நீ அனுமதித்தால், என் அன்பு.

இப்படிக்கு,
உன் வாயாடி
துரைக்கண்ணு